ஒருத்தி தூக்க, ஒருத்தி பிடிக்க

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. மாடியில் காயப்போட்ட துணி நேற்றைவிட ஈரம். அத்தைக்குத் தலைக்கு ஊற்றுவதாக இருந்தது. நாளைக்கு.

ஆறரைக்கு அத்தையை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் தோள் பக்கம், செல்வி (கொழுந்தனார் பெண்டாட்டி) கால் பக்கம். ஒருத்தி "முருகா" என்று சொல்ல வேண்டும். "கா" வரும்போது இரண்டு பேரும் தூக்க வேண்டும். பக்கவாதத்தில் அத்தைக்கு வலது பக்கம் விழுந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. வீட்டில் யார் எங்கிருந்து முருகா சொன்னாலும் மற்றவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இதனால் பொங்கி வழிந்த பாலுக்குக் கணக்கில்லை.

காலையும் மாலையும் நிமிர்த்தி உட்கார வைக்காவிட்டால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அத்தை லேசுப்பட்ட ஆள் இல்லை. எடையிலும். போன வருஷம் என் இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அந்த அம்மா சொன்னதுதான்: "தூக்குறத நிறுத்த முடியாதுன்னா, ஒழுங்கா தூக்கப் படிச்சுக்கங்க." அப்படித்தான் நானும் செல்வியும் ஜிம்முக்குப் போனது. மதியம், அத்தை தூங்கும் நேரம். கோச் ஜெபராஜ். கீழே ஹார்டுவேர் கடை, மாடியில் ஜிம். இரண்டுக்கும் ஒரே கல்லா.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. என்ன கிரகத்துக்குப் பெயர் கொடுத்தோமோ. ஜெபராஜ் சொன்ன விதிகள், மறந்துவிடும் என்பதால் இங்கே:

ஜோடிப் போட்டி. ஒருத்தி வேலை செய்யும்போது மற்றவள் இரண்டு கையிலும் கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) பிடித்து நிற்க வேண்டும். குண்டு தரையில் பட்டால் அந்தப் பக்கம் வேலை நின்றுவிடும்.
எப்போது வேண்டுமானாலும் ஆள் மாறலாம்.
வால் பால்: பந்தோடு உட்கார்ந்து எழுந்து சுவரில் கோட்டுக்கு மேல் எறிவது. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்காவிட்டால் நோ ரெப். அதாவது கணக்கில் சேராது, மறுபடி செய்.
பர்ப்பி: குப்புற விழுந்து நெஞ்சு தரையில் பட்டு, எழுந்து குதிப்பது. கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.
மணல் மூட்டை: தரையிலிருந்து தோளுக்கு. இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்தால்தான் ஒன்று. மூட்டையை ஒரு ஆள்தான் தொடலாம்.
கடைசியில் எடை ஏற்றிய இரும்புச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்ட வேண்டும்.
இருபது நிமிஷம். முடியாவிட்டால் விட்டது ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி கூட்டுவார்கள்.

செல்வியிடம் படித்துக் காட்டினேன். "நம்ம வீட்டு வேலதானக்கா இது. பனியனப் போட்டுக்கிட்டுச் செஞ்சா போட்டியாம்."

பிப்ரவரி 5, வியாழன்

வாங்க: டயாப்பர், தேங்காய் எண்ணெய், அத்தைக்குக் கதலிப் பழம், மணிக்கட்டுக்குச் சுற்றும் பட்டை (செல்வி ஞாபகப்படுத்தினாள்).

ஜிம்முக்குப் போகும் வழியில், தையல் கடை வாசலில் யாரோ: "ரெண்டு மருமகளும் எங்கன போறாளுக, பொழுதன்னிக்கும்?" இன்னொரு குரல்: "குண்டு தூக்கவாம். வீட்ல ஒரு குண்டு பத்தாதாக்கும்." திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கோபம்.

பயிற்சி படு மோசம். நான் மூட்டை தூக்கும்போது செல்வி கெட்டில்பெல்லை மூன்று தடவை கீழே வைத்துவிட்டாள். மனசு எங்கேயோ. ஜெபராஜ் தலையில் கை வைத்தார். "யக்கா, நீங்க கீழ வச்சா அவுக வேல நின்னுபோகும். பிடிக்கிறதும் வேலதான். அதுக்கு எண்ணிக்கை இல்ல, அம்புட்டுதான்."

எண்ணிக்கை இல்லாத வேலை எனக்குப் புதுசா.

சாயங்காலம் அத்தையை உட்கார வைத்தபோது செல்வி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முதுகு முழுக்க வலி. குளிக்காமலே படுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஜிம் மாடிப்படியில் வைத்துச் சொன்னாள்.

"அக்கா, அவுகளுக்குத் திருப்பூர்ல வேல கெடச்சிருக்கு. கம்பெனியே வீடு குடுக்குறாக. புதன்கிழமை கெளம்புறோம்."

எந்தப் புதன் என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா. வருகிற புதன்தான்.

நல்ல விஷயம் என்று சொன்னேன். நல்ல விஷயம்தான். கொழுந்தனார் எத்தனை வருஷமாக நல்ல வேலை தேடுகிறார். சொல்லிவிட்டுப் போய் வால் பால் எறிந்தேன். ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவருக்கு ஒரு வாரமாகத் தெரியுமாம். தம்பி முதலில் அண்ணனிடம்தான் சொன்னாராம். இவருடைய மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருக்கிற செம்புக் கம்பிக்குக்கூடத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"செல்வி போயிட்டா அத்தைய யாரு தூக்குறது?"

"பாப்போம்."

"வெளி ஆள் வச்சா அத்தை தொட விட மாட்டாக. நீங்க பிடிப்பீங்களா?"

"நான் எப்படி? அம்மா கூச்சப்படும். எனக்கும் ஒரு மாதிரி இருக்கும்." பிறகு, "படுக்கையிலயே வச்சுப் பாத்துக்கலாம்ல? எத்தனையோ வீட்ல அப்படித்தான வச்சிருக்காக."

கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போனபோது அத்தை சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கிறது. நிச்சயமாகக் கேட்டிருக்கிறது.

எனக்கு யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை. செல்வி மேல் கொஞ்சம். இவர் மேல் நிறைய. சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை.

பிப்ரவரி 7, சனி

வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. மேற்கே மலை தெரிகிற அளவுக்குத் தெளிவு.

செல்வி கடைக்குப் போயிருந்தபோது தனியாகத் தூக்கிப் பார்த்தேன். ஜெபராஜ் சொல்வதுபோல எல்லாம் செய்தேன். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, எடையை உடம்போடு சேர்த்து. மணல் மூட்டை தோளுக்கு வந்துவிடுகிறது. அத்தை வரவில்லை. மூட்டைக்கு வலிக்காது, நழுவினால் பயப்படாது. பாதி எழுந்து அப்படியே கட்டிலில் சரிந்துவிட்டார். நானும் மேலே விழுந்தேன்.

இடது கையால் என் தலையைத் தடவினார். வாய் கோணிப் பேச்சு குழறும், எனக்குப் புரியும். "விடுத்தா. இங்கனயே கெடந்துக்கிறேன்."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர்தான் வீண்.

நாளைக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன். செல்வி இரண்டு பேருடைய பனியனையும் துவைத்து, இஸ்திரி போட்டு, என் கட்டிலில் வைத்திருக்கிறாள். பனியனுக்கு எவளாவது இஸ்திரி போடுவாளா.

பிப்ரவரி 8, ஞாயிறு

இவர் வீட்டில். "ஒரு நாள்தான, பாத்துக்கிறேன்" என்றார். மதியச் சாப்பாடு, மாத்திரை, எல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

பெரியகுளம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம், அதன் கார் நிறுத்தும் இடம். பந்தல், ஸ்பீக்கர், மோர், டிஜே. மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்த பெண்கள் எல்லாம் கம்பி மாதிரி. கட்டப்பனையிலிருந்து ஒரு அக்கா தங்கை. எங்களைப் பார்த்து, "அம்மாவும் மகளுமா?" என்று ஒருவன். செல்விக்கும் எனக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம். இதை எழுதும்போதும் எரிகிறது.

எங்கள் நடுவர் ஒரு பி.டி. டீச்சர். கழுத்தில் விசில். முகத்தில் சிரிப்பு என்ற பேச்சே இல்லை.

வால் பால் நன்றாகப் போனது. எனக்கு இரண்டு நோ ரெப், செல்விக்கு ஒன்றுமில்லை. பர்ப்பியில் பாதி உயிர் போனது. ஆனால் கெட்டில்பெல்லை ஒரு தடவைகூட நாங்கள் கீழே வைக்கவில்லை. ஜெபராஜ் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். மற்ற ஜோடிகளைத் திரும்பிப் பார்த்தால் நாங்கள் மூன்றாவதாக இருந்தோம். நிஜமாகவே மூன்றாவது.

மூட்டை. செல்வி தூக்க, நான் குண்டுகளோடு நிற்கிறேன். ஏழு போட்டுவிட்டாள். எட்டாவது மூட்டை மடியில் சிக்கி, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. முகம் சிவந்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "முருகா!"

நான் என்ன செய்தேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. குண்டுகளைப் போட்டேன். ஓடினேன். மூட்டையின் தலைப் பக்கம் கையைக் கொடுத்து "கா"வில் தூக்கினேன். மூட்டை பூ மாதிரி எழுந்தது. இரண்டு பேருமாக அதைப் பதமாகத் திருப்பி, முட்டாமல், நோகாமல், மெதுவாகத் தரையில் உட்கார வைத்தோம். சாய்ந்துவிடாமல் இருக்க நான் ஒரு கையால் முட்டுக் கொடுத்தேன். மணல் மூட்டைக்கு.

விசில். "நோ ரெப்! ரெண்டு பேரும் தொட்டுட்டீக. குண்டையும் வச்சிட்டீக. என்னம்மா பண்றீக?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. செல்வி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, பிறகு நிற்கவில்லை. மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்து, அப்படியே அழுதாள். "அங்கன போயி நான் முருகான்னா யாருக்கா வருவா?"

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "எந்திரி ஆத்தா, அழுகைக்கு எண்ணிக்கை இல்ல" என்றேன். எழுந்தோம். அதன்பிறகு மூட்டை முடிந்தது, சட்டம் பாதி தூரம்தான் போனது, இருபது நிமிஷம் ஆகிவிட்டது. கடைசிக்கு முந்தின இடம். கடைசி ஜோடியில் ஒருத்திக்குத் தசை பிடித்துப் பாதியில் போய்விட்டார்கள். இல்லாவிட்டால் அந்த இடமும் எங்களுக்குத்தான்.

கட்டப்பனைக்காரி வந்து தோளைத் தட்டி, "சாரமில்ல சேச்சி" என்றாள். பரவாயில்லையாம். எனக்கும் செல்விக்கும் கண் சிவந்திருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டோம்.

பிப்ரவரி 9, திங்கள்

படி இறங்க முடியவில்லை. பின்பக்கமாக இறங்கினேன். செல்வியும் அப்படியே. நாற்காலியில் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்து அத்தை சிரித்தார், பாதி வாயால்.

காலையில் உடம்பு துடைக்கும்போது பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. நேற்று நாள் முழுக்க ஒரே பக்கம் படுக்க வைத்திருக்கிறார். சாப்பாடு கொடுத்தாராம், மாத்திரை கொடுத்தாராம், டிவி போட்டாராம். திருப்பவில்லை. அத்தையும் கேட்கவில்லை.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். "வந்து பாருங்க."

"என்ன?"

"வந்து பாருங்கன்னு சொல்றேன்ல."

வந்தார். நான் துணியை விலக்கிக் காட்டினேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். இவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரே நாள்ல இப்படி ஆகுமா?"

"படுக்கையிலயே வச்சா இப்படித்தான் ஆகும்."

கடைக்குக் கிளம்பிப் போனார். இட்லி அப்படியே இருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன்: களிம்பு, அடிக்கடி திருப்ப வேண்டும், உட்கார வைப்பதை நிறுத்தவே கூடாது. சரி என்றேன். இனி யார் கூடப் பிடிப்பது என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

காலையில் கடைசியாகச் சேர்ந்து தூக்கினோம். முருகா சொல்வது யார் என்று இருவரும் ஒரு நிமிஷம் காத்திருந்தோம். செல்வி சொன்னாள்.

பத்து மணிக்குக் குட்டியானை வண்டி. பீரோ, கட்டில், கிரைண்டர், இரண்டு மூட்டைத் துணி. வண்டிக்காரர் பீரோவுக்கு ஆள் தேட, செல்வி, "தள்ளுங்கண்ணே" என்று ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினாள். கொழுந்தனார் வாயைப் பிளந்து நின்றார். அவர் பெண்டாட்டியை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவளுடைய மணிக்கட்டுப் பட்டையை சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், கழற்றின சூட்டோடு. வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அத்தையை உட்கார வைக்கவில்லை. பக்கம் மட்டும் திருப்பினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பனி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அத்தையிடம் போனேன். படுக்கையிலேயே பல் தேய்த்துவிடலாம், அவ்வளவுதான் முடியும் என்று. தோளுக்கு அடியில் கையைக் கொடுத்ததும் வாய்ப்பழக்கம், "முருகா" என்று வந்துவிட்டது. சத்தமாகவே.

கொல்லையிலிருந்து இவர் வந்து நின்றார். வாயில் பிரஷ், நுரை. சட்டை இல்லை. துப்பிவிட்டு வந்து கேட்டார்: "எங்கன பிடிக்கணும்?"

கால் பக்கத்தைக் காட்டினேன். குனிந்தார். முழங்கால் நேராக, முதுகு வில்லாக. தூக்கினார். அத்தை முனகினார், இடுப்பு தொங்கியது, பாதியில் நின்றுவிட்டது.

"நோ ரெப்" என்றேன்.

"என்னது?"

"கீழ வைங்க. மெதுவா. முழங்கால மடக்குங்க, முதுக நிமித்துங்க. அம்மாவ உங்க நெஞ்சோட சேத்துப் பிடிங்க. கூச்சப்பட்டா நழுவும்."

மடக்கினார். காது சிவந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, கோணின வாயால், இழுத்து இழுத்து, தானே சொன்னார்: "மு... ரு... கா."

தூக்கினோம். நாற்காலியில் வைத்தோம். அடுப்பில் பால் பொங்கிப்போயிருந்தது.