ஒரே போட்டில் அண்ணனும் சுதாகரன் சேரும்

மார்ச் 7, வெள்ளி

பின்னேரம் முழுவதும் தூறல். கொடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. நாளைக்கு: ரொட்டி, சம்பல், பிளாஸ்கில் தேத்தண்ணி, காலில் ஏறும் அட்டைக்குச் சவர்க்காரம், போட்டில் தண்ணீர் இறைக்க மார்ஜரின் டப்பா.

அண்ணன் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் படகில் போய் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறான். கூட சு. (சுதாகரன் சேர், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலேயே கணித ஆசிரியர், ஊர் யாழ்ப்பாணம். கட்டினால் அவரைத்தான்.) அம்மாவுக்குச் சம்மதம். அண்ணன்தான் பிடி கொடுக்கவில்லை. "நீ என்னதான் டீச்சரா இருந்தாலும் அவங்க வீட்டுல தேயிலைத் தோட்டத்துல பொறந்த தோட்டக்காட்டு ஆளுன்னுதான் கீழா பார்ப்பாங்க" என்கிறான். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல், இரண்டு நாள் போட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். ஆளின் குணம் தண்ணீரில்தான் தெரியுமாம். ஓட்டுவது ஆட்டோ, பேச்சு கப்பல்காரன் பேச்சு. நானும் போகிறேன், தண்ணீர் இறைக்க.

மார்ச் 8, சனி

குளிர், பனிமூட்டம். சு. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத களிசான். மீன் பிடிக்க வந்தாரா, பரீட்சை மண்டபத்துக்கு வந்தாரா? அண்ணன் மேலும் கீழும் பார்த்தான்.

துடுப்பு அண்ணனிடம். நூல் சு. கையில். நூல் நுனியில் தூண்டிலும் மினுங்கும் தகடும். போட்டுக்குப் பின்னால் அது சின்ன மீன் மாதிரி நெளிந்துகொண்டு வர வேண்டும். வேகம் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது.

அண்ணன் அவரோடு நேரே பேசவில்லை. முழங்கால் இடிக்க மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் போட்டில் எல்லாம் என் வழியாக. நூலை இன்னும் விடச் சொல்லு. கையை ஆட்ட வேண்டாம் என்று சொல்லு. நானும் அப்படியே திருப்பிச் சொன்னேன், சு.வுக்குக் காது கேட்காதது மாதிரி.

சு. என்னிடம்: "சமன் மீனும் பிடிபடுமோ எண்டு அண்ணாட்டக் கேளும்."

எங்களுக்குச் சமன் (சால்மன்) என்றால் கடையில் விற்கிற டின் மீன்தானே. "டின்னோட வரும்னு சொல்லு" என்றான் அண்ணன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பார்த்துவிட்டேன்.

பிடிபட்டது: பாசி, ஒரு பொலித்தீன் பை. மூட்டம் கலைந்த மத்தியான வெயிலில் சு. மூக்கு சிவந்துவிட்டது. காலில் அட்டை வேறு. ஆனாலும் நாளைக்கும் வருகிறாராம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காலையில், ஓடை வந்து விழும் மூலையில், நூல் ஒரு வெட்டு வெட்டியது. சு. எழும்பப் பார்த்தார். அண்ணன் துடுப்பைக் கைவிட்டுவிட்டுக் கத்தினான்: "எழும்பாதீங்க மாஸ்டர், கவுந்துரும். இழுக்காதீங்க, ஓட விடுங்க."

நேரே பேசிய முதல் பேச்சு. மீன் ஒரு தரம் துள்ளியது. வெள்ளி நிறம், விலாவில் ரோஸ் கோடு, முழங்கை நீளம். ட்ரவுட்டேதான்.

சு. விட்டு விட்டு இழுத்து, பக்கத்தில் கொண்டு வந்துவிட்டார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து நூலைப் பறித்து ஒரே சுண்டு. அறுந்துவிட்டது. போட் சாய்ந்து மூன்று பேரும் தெப்பமாக நனைந்தோம். துடுப்பு ஒன்று தனியாக மிதந்து போகிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சு.வும் சிரித்தார். அண்ணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். டப்பாவால் வலித்துப் போய்த் துடுப்பைப் பிடித்தோம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் அம்மா மசாலை அரைத்து வைத்துக் காத்திருந்தார். மீன் எங்கே என்றார். அண்ணன் வாயைத் திறக்கும் முன் சு. சொன்னார்: "பெரிசு ஒண்டு பட்டதம்மா. நான்தான் கைதவற விட்டுட்டன்."

அண்ணன் நிமிரவில்லை. சு. தேத்தண்ணி குடித்துவிட்டு நோர்வூட் பஸ்ஸில் போனார். பஸ் போன பிறகு அண்ணன் அம்மாவிடம் போனான்.

"அவரு விடலம்மா. நான்தான் புடுங்கி அறுத்தேன்."

"அப்ப ஏன் அவரு அப்பிடிச் சொன்னாரு?"

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பருப்பும் கருவாடும், இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டான். முடிவைக் கேட்கப் போவதற்குள் படுத்துவிட்டான்.

மார்ச் 10, திங்கள்

நல்ல வெயில். பள்ளிக்கூடத்தில் சு., தோல் உரிந்த மூக்கோடு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அண்ணா ஏதும் சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு நான் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

பின்னேரம் எங்கள் லய வரிசை வீட்டுக்கு முன்னால் அண்ணனின் ஆட்டோ. கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிய நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாம் வாசலில். எதற்கடா இதெல்லாம் என்றார் அம்மா. அண்ணன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: "யாழ்ப்பாணத்துலருந்து ஆளுங்க வந்தா நின்னுக்கிட்டேவா பேசுவாங்க?"

நான்கும் பச்சை. பார்க்கச் சகிக்காத பச்சை. ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.