வணக்கம் போட்ட பிறகு மூன்று நிமிடம்

ஏங்க, மீன் கறி அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. நான் பிடோக்ல தம்பி வீட்டுக்குப் போறேன். படத்துக்கு நம்ம பொண்ணு ரக்ஷனாவைக் கூட்டிட்டுப் போங்க, என்னால முடியாது.

நம்ம காலத்துப் படம் மறுபடி தியேட்டருக்கு வருதுன்னா, பழைய வீடியோ கேசட்டைக் குப்பை கொட்டுற ரப்பிஷ் சூட்ல போடணுமா? கீழே ஓடிப் போய்க் கேட்டேன். காலையிலேயே லாரி அள்ளிட்டுப் போயிடுச்சாம்.

அந்தப் படத்தை நம்ம கல்யாண வீடியோ மேலதானே ரெக்கார்ட் பண்ணீங்க. படம் முடிஞ்சு வணக்கம் போட்டதும் நீங்க எழுந்து போயிடுவீங்க. அப்புறம் அழியாம மிச்சமிருக்கிற மூணு நிமிஷத்துல, மறுவருஷமே தவறிப்போன எங்கப்பா பந்தியில பாயசம் ஊத்துவாரு. தீபாவளிக்குத் தீபாவளி அதுக்காகத்தான் முழுப் படமும் பார்த்தேன்.

சாவி ஷூ கப்போர்டு மேல.

மதி

பி.கு: நான் கிளைமாக்ஸுக்குத்தான் அழுறேன்னு நினைச்சு டிக்கெட் எடுத்த மனுஷனை எப்படிங்க திட்டுறது?