உப்புக் கிணற்றில் கழுவிய கார்

என் அன்பான, சுதனின் அப்பாவுக்கு,

உயிரோடு இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கவா போகிறீர்கள்? பழைய அழைப்பே இருக்கட்டும்.

நம்முடைய பிள்ளை வேன் வாங்கப் போகிறானாம். உங்களைப் போல வாடகைக்கு, ஹயர் ஓடப் போகிறானாம். என்ன வேலைக்கு வேண்டுமானாலும் போ, ஸ்டியரிங்கை மட்டும் பிடிக்காதே என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன். கேட்டானா? உங்கள் பிடிவாதத்தில் ஒரு துளி குறையாமல் அவனுக்கு வந்திருக்கிறது.

நேற்று வேனைக் காட்ட என்னையும் கூட்டிப்போனான். பெயின்ற் பளபளத்தது, சீற்றெல்லாம் புதிது. ஏறி இருந்து பாருங்கள் அக்கா என்றார் விற்கிறவர். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, வேனுக்கு அடியில் தலையை நீட்டினேன். சுதனுக்கு வெட்கமாகிவிட்டது.

“அம்மா, எழும்புங்க. ஆக்கள் பாக்கிறாங்க.”

“பாக்கட்டும் மனே. நான் சைலன்சரப் பாக்கிறன்.”

உங்களுக்குத் தெரியாத ஒன்றை இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டும். உங்களைக் கொண்டுபோனது எது என்று உங்களுக்கே தெரியாது, இல்லையா?

சுனாமியன்று நாம் மூவரும் கல்லடிப் பாலத்துப் பக்கம் ஓடித் தப்பினோம். என் தங்கச்சி தப்பவில்லை. உங்கள் வெள்ளைக் கார் முற்றத்திலிருந்து மிதந்துபோய்ப் பக்கத்து வளவு மதிலில் முட்டிக்கொண்டு, கழுத்து வரை மணலோடு கிடந்தது. தங்கச்சிக்காக என்னோடு சேர்ந்து அழுதீர்கள். பிறகு எழுந்து, காருக்குள் கிடந்த மணலை அள்ளத் தொடங்கினீர்கள். நம் சோறு அதில்தானே இருந்தது. எப்படியோ அதை மறுபடியும் ஓட வைத்தீர்கள்.

அதன் பிறகு பின்னேரமானால் காருக்குக் குளிப்புத்தான். கடல் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று, கிணற்றில் அள்ளி அள்ளி அடிப்பக்கமெல்லாம் ஊற்றுவீர்கள். நான் வாளியை நிரப்பித் தருவேன். “எனக்கு ஒரு நாளாவது இப்பிடித் தண்ணி வாத்திருக்கீங்களா?” என்று கேட்பேன். சிரிப்பீர்கள். தங்கச்சி போன பிறகு அந்த முற்றத்தில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

அந்தக் கிணற்றுக்குள்ளும் கடல் வந்து போயிருந்தது. குடிக்கக் கூடாது என்றார்கள். பவுசர் லொறியில் வந்த தண்ணீரைத்தான் குடித்தோம். குடிக்கத்தானே கூடாது, கழுவினால் என்ன என்று நினைத்தோம். நாம் மட்டுமா? கல்லடியில் கார் வைத்திருந்தவர்கள், சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் கழுவினார்கள்.

சைலன்சரில் ஓட்டை விழுந்ததும் காத்தான்குடியில் வெல்டிங் செய்கிற முஸ்லிம் அண்ணர், நாம் நானா என்று கூப்பிடுகிறவரிடம் கொண்டுபோனோம். அவர் விரலால் துருவைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். காறித் துப்பினார்.

“தம்பி, கடல் தண்ணி ஒருக்காத்தான் பட்டிரிக்கி. மறுகா நீங்கதான் ஒவ்வொரு நாளும் உப்புத் தண்ணியால குளிப்பாட்டி இரிக்கிறீங்க.”

பற்றவைக்கப் பற்றவைக்க அந்தத் தகரம் அப்பளம் போல உதிர்ந்தது. அந்தப் பழைய காருக்குப் புதுச் சைலன்சர் வேண்டுமென்றால் கொழும்பில் தேட வேண்டும். சண்டை மறுபடி மூண்டிருந்த நேரம், கொழும்புக்குப் போய்வர யாருக்குத் துணிவு இருந்தது? ஒட்டுப்போட்டே ஓடினீர்கள்.

ஒருநாள் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் அது டப்பென்று வெடித்தது. கடைக்காரர் கதவை இழுத்து மூடினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். வெடித்தது சைலன்சர் என்று தெரிந்ததும் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு உங்களுக்குக் கிடைத்த ஏச்சு இருக்கிறதே! 

அன்றிலிருந்து உங்கள் கவலையெல்லாம் சத்தம்தான். தகரத்தை வெட்டிச் சுற்றினீர்கள், எரியாத கல்நார்க் கயிறு சுற்றினீர்கள், அதற்கு மேல் கம்பியால் இறுக்கினீர்கள். “இப்ப பூன மாதிரிப் போகுது புள்ள” என்று என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்து காட்டினீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே உதிர்ந்த துரு அடைத்து, பின்னால் போக வழியில்லாத புகை, முன்பக்கத்துத் துரு ஓட்டையால் வந்து, நாம் கால் வைத்திருந்த தட்டின் வெடிப்புகளால் ஏறும் என்று யார் கண்டது? சத்தம் வந்தால்தான் சாவு வரும் என்று பழகிப்போன ஊர் இது. சத்தமில்லாததற்கு நாம் பயப்படவே இல்லை.

யுத்தம் முடிந்தது என்றார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள், நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். வன்னியிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு அழுதோம். அந்த வருடம் மாரி மழை பிடித்ததும், “பாதை திறந்திட்டுது. மாரி முடியட்டும், கொழும்புக்குப் போய்ப் புதுச் சைலன்சர் எடுத்திட்டு வாறன்” என்றீர்கள்.

மாரி முடியவில்லை. வெல்லாவெளியில் கல்யாண ஹயர். ஆட்களை இறக்கிவிட்டுக் காருக்குள் காத்திருந்தீர்கள். பற்றறி சரியில்லை, நிறுத்தினால் தள்ள வேண்டும். பட்டுச்சேலைக்காரரைச் சேற்றில் தள்ளச் சொல்வதா என்று எஞ்சினை நிறுத்தாமலே வைத்திருந்தீர்கள். அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தீர்கள்.

“மழை கொட்டுது புள்ள. கண்ணாடி எல்லாம் ஏத்திட்டன். உள்ளுக்குக் கதகதப்பா நல்லாரிக்கு. தல கொஞ்சம் இடிக்குது, ஒரு நித்திர அடிச்சாச் சரி.”

பாவம், நனையாமல் இருக்கிறார் என்று நிம்மதியாகப் போனை வைத்தேன். 

சாப்பிடக் கூப்பிட வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, பிறகு உடைத்தார்களாம். நான் வந்து பார்த்தபோது உங்கள் முகம் சிவந்து, நல்ல நித்திரையில் இருப்பவரைப் போல இருந்தது. புகையில் இருந்த நஞ்சு என்றார் டொக்டர். அதற்கு மணமே இல்லையாம். கடலுக்குத் தப்பி, சண்டைக்குத் தப்பி, கடைசியில் இதுக்கா என்று செத்தவீட்டில் ஒருவர் கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டேன்.  உங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

அந்தக் காரை இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். சுதனை மட்டும் வாகனத்தின் பக்கமே விடாமல் இத்தனை காலம் பிடித்து வைத்திருந்தேன். நேற்றிரவு அவன் சாப்பிடாமல் எழுந்து வந்து, “அப்பா செத்தது கார் ஓடினதால இல்லம்மா, துருவாலதான். எனக்கும் அது தெரியும்” என்றான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். வளர்ந்த பிள்ளை அழுதால் ஒரு தாய் என்ன செய்வாள்?

இன்றைக்கு முற்பணம் கொடுத்து வேனை அதே நானாவிடம் கொண்டுபோனோம். தாடி முழுக்க நரைத்துவிட்டது. உங்களைக் கேட்டார், சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டார். பழைய சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்டினார். பின்குழாயைத் துணியால் பொத்தி எஞ்சினைப் போட்டு, எங்காவது காற்றுச் சீறுகிறதா என்று ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்த்தார். அவர் பார்த்து முடிந்ததும் நானும் படுத்துப் பார்த்தேன். பிறகு பிள்ளையிடம், “ஓடு மனே” என்றேன். சொல்லிவிட்டேன். என் வாயால்தான் சொன்னேன்.

ஒரே ஒரு கட்டளை போட்டிருக்கிறேன். எந்த மழையாக இருந்தாலும் ஒரு பக்கக் கண்ணாடி இறங்கியே இருக்க வேண்டும். “நனையுமேம்மா” என்றான். நனைந்து வா என்றேன். மழை நாளில் அவன் வரும்வரை துவாயும் கையுமாக வாசலில் நிற்பேன், இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. அவன் தலையைத் துவட்டிவிட என் கை இருக்கிறது. நீங்களும் அன்றைக்கு நனைந்தே வந்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஈரத்தோடு நீங்கள் வந்திருந்தாலும் ஏசியிருக்கமாட்டாத,
உங்கள் மனிசி