நான்காம் நாள் இறக்கம்

2025 பெப்ரவரி 10, திங்கள்

அவிசாவளை பஸ் தெஹியோவிட்டயிலேயே நிரம்பிவிட்டது. நின்றுகொண்டே போனேன்.

மூன்றாம் நாள் சைக்கிள் வழியை எழுதி முடித்தேன். ஐம்பத்திரண்டு கிலோமீற்றர். "தேவாலயத்துக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பவும், ஆட்டுப்பட்டி வரை மெதுவான ஏற்றம்." இப்படி நூற்றுப் பதினான்கு வரிகள். வேல்ஸ் எல்லையோரத்து ஒழுங்கைகள் எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். எந்த வளைவில் சிவப்புத் தபால்பெட்டி நிற்கிறது, எந்த வேலிக்கு அப்பால் குதிரை மேய்கிறது, எல்லாம் தெரியும். அந்த மண்ணை ஒரு நாளும் மிதித்ததில்லை.

எங்களுக்கு இந்த வழிகளை எழுதத் தரும் இங்கிலாந்துச் சைக்கிள் பயணக் கம்பனி தன் விளம்பரத்தில், "ஊரை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள் வகுத்த வழிகள்" என்று போட்டிருக்கிறது. ஜுமானா வாசித்துக் காட்டிச் சிரித்தாள். அவளும் நானும் இன்னும் நாலு பேரும்தான் அந்த 'ஊரை அறிந்தவர்கள்'. அவிசாவளையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம்.

பெப்ரவரி 12, புதன்

போயா, பௌர்ணமி. லீவு. அம்மாவுக்கு மட்டும் லீவு இல்லை. மழை வருமுன் ரப்பர் பால் வெட்டிவிட வேண்டுமாம்.

பெப்ரவரி 13, வியாழன்

நான்காம் நாள் வழியில் ஏதோ சரியில்லை.

நாற்பத்தோராவது கிலோமீற்றரில் ஓர் இறக்கம். வரைபடத்தில் உயரக்கோடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஐந்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் கீழே. இரு பக்கமும் உயரமான வேலி. கடைசியில் ஒரு வளைவு. வளைவைத் தாண்டிப் பதினெட்டு மீற்றரில் ஆறு. பாலம் இல்லை. நம்ம பக்கத்தில் தண்ணீர் மேவிப் பாயும் தாழ்வான சப்பாத்துப் பாலம் மாதிரிகூட எதுவும் இல்லை. ஆறு ரோட்டின் மேலேயே ஓடுகிறது.

இணையத்துத் தெருப் படங்களில் தேடினேன். தண்ணீரோரம் ஒரு பலகை நிற்கிறது. ஆழம் பார்க்கிற பலகை. அதில் ஐந்து அடி வரை இலக்கம் எழுதியிருக்கிறது. ஐந்து அடி தண்ணீர் வராத இடத்தில் எதற்கு ஐந்து அடிப் பலகையை நடுவார்கள்?

பயாஸ் நானாவிடம் காட்டினேன். ஆபீஸ் அவருடையது. "வழிக்கோடு அங்கேருந்து போட்டுத்தான் வருது தங்கச்சி. எங்கட வேல எழுதுறது" என்றார். ஆனாலும் மெயில் போட்டார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

பெப்ரவரி 17, திங்கள்

பதில் வந்தது. வழிகளுக்குப் பொறுப்பான கொலின் எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்திலேயே மிக அழகான பகுதி அதுதானாம். தண்ணீர் சில அங்குலம்தானாம். கோடையில் போய்ப் பார்த்தாராம். ஏப்ரலில் முதல் குழு கிளம்புகிறதாம், சீக்கிரம் முடிக்க வேண்டுமாம்.

ஒவ்வொரு வழித்தாளின் அடியிலும் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பேர் போடாமல் தாள் போகாது. நான் போடவில்லை.

பயாஸ் நானா மேசைக்கு வந்தார். "பேர மட்டும் போடுங்க."

"போட மாட்டேன் நானா. பை கட்டின சைக்கிள் அந்த ஈரத்துல நிக்காது."

"நீங்க வாழ்க்கையில ஒரு தரமாவது சைக்கிள்ல ஏறியிரிக்கிறீங்களா?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஜுமானா சிரிக்கவில்லை.

பஸ்ஸில்தான் வந்தது, அத்தனை பதிலும். இப்ப வந்து என்ன செய்ய?

பெப்ரவரி 18

இல்லை. ஏறியதில்லை. ஏறுவேன்.

பெப்ரவரி 22, சனி

பஜாரில் சைக்கிள் திருத்தும் சுனில் பாஸிடம் ஒரு பழைய சைக்கிள் கேட்டேன். இரண்டு பிரேக்கும் புதிதாகப் போட்டுத் தரச் சொன்னேன். "புளுவன்த நங்கி?" என்று சந்தேகமாகப் பார்த்தார். முடியும் என்று சிங்களத்திலேயே சொன்னேன். முப்பத்தொரு வயதில் இதென்ன ஆசை என்று அவர் கேட்கவில்லை. முகம் கேட்டது.

எங்கள் தோட்டத்து லய வரிசை வீடுகளுக்கு முன்னால் ஏழு தரம் விழுந்தேன். எட்டாவது தரம் தண்ணீர்க் குழாய் வரை போனேன். பிறகு குழாயில் மோதினேன்.

மார்ச் 2, ஞாயிறு

இப்போது விழுவதில்லை. பேச்சுத்தான் விழுகிறது. மதகில் உட்கார்ந்திருக்கிற கூட்டம், "குமாரி சர்க்கஸ்ல சேந்துட்டா" என்கிறது. நாகலிங்கம் கங்காணி பாதையை மறித்துக்கொண்டு நின்றார்.

"பொம்பளப் புள்ள கால ஒடச்சுக்கிட்டா தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் மாமா. நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க, இன்னும் பிரேக் பழகல."

தள்ளிக்கொண்டார்.

அம்மாதான் பெரிய பாடு. சோறு போடும்போதெல்லாம் ஆரம்பிக்கிறாள். "நம்ம வீட்டுல மொத மொத நீதான் பால்வாளி தூக்காம சம்பளம் எடுக்கிற. அத ஒரு கட்டத்துக்காகக் கெடுத்துக்கப் போறியா? அங்க விழப்போற வெள்ளக்காரன் உனக்கு மாமனா மச்சானா?"

"அவன் யாரோம்மா. கீழ இருக்கிற பேரு என்னோடது."

அம்மா சோற்றுக் கோப்பையைத் தட்டென்று வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கை வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக வரும். ஆனாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

மேல் டிவிசனிலிருந்து பால் நிறுக்கும் கொட்டகைக்கு இறங்கும் கொங்கிறீட் பாதை இருக்கிறதே, அதன் சரிவைப் போன வாரம் போனில் பார்த்தேன், கயிறும் தடியும் வைத்தும் அளந்தேன். ஐந்துக்கு ஒன்று. அதே இறக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவில்.

சைக்கிளின் இரண்டு பக்கமும் அரிசிச் சாக்குக் கட்டினேன், பக்கத்துக்கு எட்டுக் கிலோ. சுண்ணாம்பில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே நிற்கிறது என்று அளக்க வேண்டும். காலையில், காய்ந்த பாதையில் மூன்று தரம். ஒன்பது மீற்றர், பத்து, ஒன்பது.

மத்தியானம் மழை பெய்து விட்டது. பாதை பளபளத்தது. படம் பிடிக்க ஆள் இல்லாமல் நின்றேன். அம்மா குடையோடு வந்து, "இத எங்க அமுக்கணும்?" என்று போனை வாங்கினாள்.

முதல் தரம் இருபத்திரண்டு மீற்றர். இரண்டாம் தரம் இருபத்தாறு. மூன்றாம் தரம் சைக்கிள் நிற்கவே இல்லை. பிரேக்கை உடையும்படி பிடித்தும் சக்கரம் வழுக்கிக்கொண்டே போனது. கொட்டகைச் சுவர் வந்தது. பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் சாய்த்துவிட்டேன். அங்கே ஆறு இருந்திருந்தால்?

படத்தில் பாதி அம்மாவின் கட்டைவிரல். மீதியில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. கடைசியில் அம்மாவின் குரல்: "ஐயோ ஆண்டவனே, எந்திரிடி." அதை வெட்டவில்லை.

மார்ச் 10, திங்கள்

படத்தையும் அளவுகளையும் பலகைப் படத்தையும் கொலினுக்கே நேராக அனுப்பினேன். ஆபீஸ் வழியாக இல்லை. "நான் எழுதும் வழியில் என் ஆட்களையும் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும்" என்று கீழே ஒரு வரி. மூன்று தரம் அழித்து மூன்று தரம் எழுதினேன்.

மார்ச் 11, செவ்வாய்

"எனக்கு மேலால போயிட்டீங்க" என்றார் பயாஸ் நானா. கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஆறு பேர்ட சோறு இந்த ஒரு கம்பனியில தங்கியிரிக்கி. ஒங்களுக்கு வெளங்குதா?"

"வெளங்குது நானா. அதுக்காக ஆளை ஆத்துல தள்ள முடியாது."

நான் சொல்லும்வரை வர வேண்டாம் என்றார். என் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் அழுதேன். தெருவில் அழவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு இருளாயி அக்கா, "வேல போச்சாமே" என்று ஆரம்பித்ததும், "போகல. அவ பேரு போடமாட்டேன்னு சொன்னா" என்றாள். உள்ளே இருந்து கேட்டேன்.

வேலை போனதும் உண்மைதான். அம்மா சொன்ன மாதிரியும் சொல்லலாம்தான்.

மார்ச் 18, செவ்வாய்

ஜுமானா போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், கழிவறைக்குள் நின்றாளாம்.

நேற்று நான்காம் நாள் தாளை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். கொலின் ஆபீசுக்குத் திருப்பி அனுப்பிய என் படத்தைப் பார்த்திருந்ததால், "என்னால ஏலாது" என்றாளாம். மற்றவர்களிடமும் போனதாம், ஒருவரும் போடவில்லையாம். கடைசியில் பயாஸ் நானாவே, "சரி, நானே போடுறன்" என்று உட்கார்ந்திருக்கிறார். கட்டத்தில் தன் பேரின் முதல் எழுத்தை அடித்தாராம். அழித்தாராம். திரும்ப அடித்தாராம். தொழுகைக்கு எழுந்து போனவர், வந்து கணினியையே மூடிவிட்டாராம்.

"அவரும் போடல்ல, குமாரி."



மார்ச் 21, வெள்ளி

பயாஸ் நானா போனில் பேசினார். பேர் போட்ட தாள் இன்னும் வரவில்லையே என்று கொலின் கேட்டாராம். "என்ட ஆபீஸ்ல யாரும் போட மாட்டாங்க, நானும் போட மாட்டன்" என்று எழுதிவிட்டாராம். அதற்குப்பிறகு கொலின், மழை நாள் ஒன்றில் காரில் போயிருக்கிறார். பலகையில் தண்ணீர் மூன்றடிக்கு மேல் நின்றதாம். மேட்டு வழியாகச் சுற்றிப் போகச் சொல்லி வழிக்கோட்டை மாற்றிவிட்டார்கள். ஆறு கிலோமீற்றர் கூடுதல்.

"திங்கக்கெழம வாங்க தங்கச்சி."

"வாரேன் நானா. ஆனா சந்தேகம் வந்தா இனியும் நேராத்தான் எழுதுவேன். உங்களுக்கும் ஒரு பிரதி வரும்."

"சரி, போடுங்க" என்றார்.

கொலின் எனக்கென்று ஒரு வரி எழுதவில்லை. பரவாயில்லை. நானும் நன்றிக்கு எழுதவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாலு நாளாக விடாத மழை. தெஹியோவிட்ட சந்தியில் தண்ணீர், பஸ் பிந்தியது.

புதுப் பயணம் ஒன்று வந்திருக்கிறது, வடக்கே, மலைப்பக்கம். திறந்து பார்த்தேன். ஏதோ விடுபட்டுப்போனதென்று நினைத்து மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். இரண்டு ஊர்களுக்கு இரண்டு புள்ளி. நடுவில் கோடே இல்லை. கீழே கொலின் எழுதியிருந்தார்: "எப்படிப் போகலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். எத்தனை நாள் வேண்டும்?"

கோடு போட ஒரு நாள் போதும். இறக்கங்களை எல்லாம் பார்க்க மூன்று நாள் வேண்டும் என்று பதில் போட்டுவிட்டு, வரைபடத்தைப் பெரிதாக்கினேன்.