முழங்கால் உயரத்தில் ஒரு நீலக் கோடு

காலையில் பார்க்கிங்கில் குழாயில் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவினார்கள். ஒரு தூணில் தண்ணீர் பட்டதும் நீ போட்ட நீலக் கோடு வெளியே வந்தது. முழங்கால் உயரம். சேற்றுக் கறை அதற்கு மேலே, என் இடுப்பளவில் நிற்கிறது. ஃபினாயிலையும் மீறி ஆற்று வாடை அடிக்கிறது. நீ இருந்திருந்தால் முகர்ந்து பார்த்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பாடம் எடுத்திருப்பாய்.

ஒரே கல்லூரியில் நீ சூழலியல் கற்பித்தாய், நான் கணிதம். இங்கே கராடிப் பகுதியில் ஆற்றையொட்டிய அடுக்குமாடி சொசைட்டிகளுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இழுத்துக்கொண்டு போவாய். வெள்ளக் கணக்கு என்னுடையது, பேச்சு உன்னுடையது. மழை ஏன் இப்போதெல்லாம் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கிறது என்று விளக்கிவிட்டு, கடைசியில் ஒரு தூணில் கோடு போடுவாய். படம் காட்டினால் மறந்துவிடுவார்களாம், கோட்டைத் தினமும் பார்த்துத்தான் ஆக வேண்டுமாம்.

நான் குடியிருக்கும் இந்த சொசைட்டிக்கு நான் கொடுத்த கணக்கு இடுப்பளவு. நீ குனிந்து முழங்காலில் போட்டாய். நான் முறைத்தேன்.

"இடுப்புன்னா சிரிச்சுட்டு எழுந்து போயிடுவாங்கடி. முழங்கால்னா ஏதாவது செய்வாங்க. முதல்ல நம்பட்டும்."

நம்பினார்கள். உன் கோட்டைப் பார்த்து வாட்ச்மேன் அறையின் தரையை உயர்த்திக் கட்டினார்கள். போன வாரம் ஆறு உள்ளே வந்தபோது, இதற்கு மேல் ஏறாது என்று அவன் மனைவி குழந்தையோடு உள்ளேயே இருந்துவிட்டாள். பிறகு வெளியே நின்ற தண்ணீரின் பாரத்தில் கதவைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியை அறுத்துத்தான் இருவரையும் எடுத்தார்கள்.

"அந்த மேடம் முழங்கால்னுதானே சொன்னாங்க?" என்று இன்று மராத்தியில் கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை.

உன் மேல் கோபமாக வருகிறது. ஊதிப் பெருக்குகிறாள் என்று பேர் வாங்கிவிடக் கூடாதென்று குறைத்துச் சொல்வது உங்கள் துறை ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய், நான் யாரோடு சண்டை போட?

சொசைட்டி செயலாளர் நம் கோயம்புத்தூர்க்காரர்தான். "புதுசா போடற கோட்டை இடுப்புலயே போட்டுருங்க மேடம். அதுக்கு மேலன்னா ஜனங்க பயந்துக்குவாங்க" என்கிறார். மேற்கே மறுபடி கருத்துக்கொண்டு வருகிறது. நான் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உன் இடத்தில் நான் பேச வேண்டும். உன் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் என்னிடம்தான் இருக்கின்றன. ஸ்டூல் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தரையில் நின்றபடி எனக்கு எட்டாது.