மீதிக் கதை பள்ளிக்கூடத்தில்

இன்று நூலகத்தில் எடுத்த நாவலைப் பஸ்ஸில் விரித்ததும் அடுப்புப் புகை வாசம் அடித்தது. எனக்கு முன்னால் யாரோ ஒருத்தி, ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், விறகடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறாள். கந்தப்பளை வரும்வரை ஒரு வரிகூட ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை. உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

எனக்கு நுவரெலியாவில் துணிக்கடை வேலை. உனக்கு மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. லயத்து வீட்டு வரிசையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் புத்தகத்தோடு வந்தால், கூடையைக்கூட இறக்காமல் கையை நீட்டுவாய்.

"கைய தொடச்சிட்டு வா புள்ள, கற புடிச்சுக்கும்."

"தேயிலக் கற பட்டாத்தான் அது நம்ம புத்தகம்."

நான் கதவைச் சாத்திக்கொண்டு வாய்க்குள்ளே படிக்கிறவள். உனக்கு அப்படிப் படிக்கவே தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாய். ரொட்டிக்கு மாப் பிசைந்த கையோடு லெட்சுமி அக்கா வந்து நிற்பார். பிறகு ஒவ்வொருவராக லயமே கூடும். கதையில் யாராவது அதட்டிப் பேசினால் உன் குரல் நம்மை வேலை வாங்கும் தோட்டத்துக் கண்டாக்கையாவின் குரலாக மாறிவிடும். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் பெய்த மழை வேறு மாதிரி. நாம் குடம் பிடிக்கும் பீலியில் தண்ணீர் செம்மண் கலங்கி வந்தது. உன் வீட்டுப் பின்கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. தோளால் இடித்தால்தான் திறந்தது. லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்பு. முதலில் விரல் நுழைந்தது, பிறகு கை நுழைந்தது. மேட்டு மரங்களில் குருவிச் சத்தமே இல்லை என்று ஒரு காலையில் நீ சொன்னாய்.

"கத படிச்சுப் படிச்சு உனக்கு எல்லாமே கதையாத் தெரியுது" என்றார் லெட்சுமி அக்கா. நீ சிரிக்கவில்லை.

கிராம சேவகர் வந்து எல்லோரையும் மேலே இருக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். முந்திய மழைக்கும் அப்படித்தான் போனோம். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தபோது கோழிகளும் சட்டி பானையும் காணாமல் போயிருந்தன. அதனால் இந்த முறை ஒருத்தரும் அசையவில்லை.

நீ வாதாடவில்லை. அப்போது நீ படித்துக்கொண்டிருந்த நாவலில், தொலைந்த மகளைத் தேடிப் போன தாய் ஒரு பூட்டிய வீட்டின் வாசலுக்கு வந்திருந்தாள். அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தாய். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று கத்தினாய்.

"மீதிக் கதைய பள்ளிக்கூடத்துலதான் படிப்பேன்! கேக்கிறவங்க வாங்க. வராதவங்க பொறகு என்கிட்ட கேக்கக் கூடாது!"

திட்டிக்கொண்டே வந்தார்கள். பாய், பிள்ளைகள், கோழிக்கூடு என்று எல்லாம் மேலே ஏறின. பின்னேரம் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாய். அந்தத் தாய் கதவைத் தட்டும் இடத்தில் தலையை நிமிர்த்தி எல்லோரையும் பார்த்தாய்.

"மாரியண்ணன் எங்க?"

அவர் மலையில் விழுந்து கால் முறிந்து படுத்திருந்தவர். பிறகு வருகிறேன் என்று சொல்லி லயத்திலேயே தங்கிவிட்டார். நீ புத்தகத்தை என் மடியில் வைத்தாய். "பக்கத்த மடிக்காத. இந்தா வந்துர்றேன்." இரண்டு ஆண்களைக் கூட்டிக்கொண்டு மழையில் இறங்கினாய்.

மீதியை மாரியண்ணன்தான் சொன்னார். அவரைக் கம்பளியில் கிடத்தி அந்த இருவரும் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறியிருக்கிறார்கள். நீ பின்னால். அவர் பயத்தில் முனகியதால், அவர் கேட்காமல் விட்ட பகுதியை நீ சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாய்.

"பேசிக்கிட்டேதான் வந்துச்சு. அந்தம்மா கதவத் தட்டுனாங்கன்னு சொல்லுச்சு. அப்புறம் பெரிய லொறியில மண்ணக் கொட்டுன மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பாத்தோம். பாதையே இல்ல."

லயத்தில் பாதி போயிற்று. உன் வீடும் என் வீடும் அந்தப் பாதியில் இருந்தன. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை. உன்னை மறுநாள் எடுத்தார்கள்.

சில நாள் கழித்து, அதே பள்ளிக்கூடத்தில் லெட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தப் பொம்பளைக்குக் கதவு தொறந்தாங்களா?" என்று மெல்லக் கேட்டார். நான் முதன்முதலாக வாய் விட்டுப் படித்தது அன்றுதான். வரிக்கு வரி தடுக்கினேன். யாரும் சிரிக்கவில்லை. உனக்கும் சொல்லிவிடுகிறேன்: கதவைத் திறந்தார்கள். உள்ளே மகள் இருக்கவில்லை.

வேறு இடத்தில் வீடு தருவதாகச் சொல்லி இடத்தைக் காட்டினார்கள். அதுவும் சரிவுதான். அதுவரை மிஞ்சிய பாதி லயத்திலேயே நெருக்கிக்கொண்டு இருக்கிறோம். இன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது மாரியண்ணன் கோலை ஊன்றி வாசலில் நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"பச்ச மண்ணு வாசம் வருது புள்ள."

யாரையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. இருட்டுவதற்கு முன்பே எல்லோரும் மேலே வந்துவிட்டோம். மாரியண்ணனை முதலில் அனுப்பினோம். வாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழை விடவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மழையில் அந்த ஏற்றத்தில் எப்போதும் கடைசி ஆளாக நான்தான் வருகிறேன். வரும்போது வாய் மூடுவதில்லை. படித்த கதை, பஸ்ஸில் நடந்த சண்டை, கடையில் சேலையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனவள், எதையாவது சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறுகிறேன். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாலும் முன்னால் போகிறவர்கள் அத்தனை பேரும் நின்றுவிடுகிறார்கள்.