இரண்டாம் பாகத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்

அன்பும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து நினைக்க வைக்கிற செங்கோடண்ணனுக்கு,

நாச்சிமுத்து எழுதுகிறேன். ஆமாம் அண்ணா, உங்கள் லாரியில் கிளீனராக இருந்த அதே நாச்சிமுத்துதான், என் கையாலேயேதான். வெண்ணந்தூர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இப்போது பஸ் போர்டு படிக்கிறேன், சுவரொட்டி படிக்கிறேன். மருந்துச் சீட்டு மட்டும் வரவில்லை. டீச்சருக்கும் அது வராதாம். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறினால் என்ன? நான் நினைப்பது தாளில் வந்து உட்காருகிறது அண்ணா! சின்ன வயதிலேயே படித்துவிட்ட உங்களுக்கு இந்தச் சந்தோஷம் எங்கே புரியப்போகிறது?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சலிக்காமல் போன அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

மலைப்பாதையில் பஸ் ஓட்டும் டிரைவர் கதை. லாரிக்காரர்கள் எல்லோரும் தங்கள் கதை என்று தலையில் தூக்கிவைத்து ஆடிய படம். சேலத்தில் அது ஓடிய தியேட்டருக்கு எதிரே லோடு லாரிகள் வரிசையாக நிற்கும். வரிசை எந்தக் கடை வரைக்கும் நீள்கிறது என்பதைப் பார்த்துத்தான் படம் எப்படிப் போகிறது என்று ஊர் பேசும். இத்தனை வருஷம் கழித்து அதன் அடுத்த பாகம். அதே நடிகர்தான். தலைமுடிக்கு மட்டும் நிறைய மை.

முதல் பாகத்தை நீங்களும், அன்றைக்கு எனக்கு அண்ணியாக இருந்த பாவாயியும் உள்ளே உட்கார்ந்து பார்த்தீர்கள். நான் வெளியே லாரியில். கிளீனர் என்றால் லோடையும் தார்ப்பாயையும் காவல் காக்க வேண்டும், அதுதான் தொழில். சுவரைத் தாண்டிப் பாட்டு கேட்கும், விசில் கேட்கும். எதற்கு விசில் என்று தெரியாது. நீங்கள் திரும்பத் திரும்பப் போனீர்கள். நான் திரும்பத் திரும்ப அந்தச் சுவரைப் பார்த்தேன்.

பிறகு மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. கைக்குழந்தையோடு அவளைத் தனியாக விடக் கூடாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி என்னைக் கேட்டார்கள். தாலி கட்டிய பிறகும் பல நாள் வாய் தவறி, “அண்ணி, சோறு போடுங்க” என்று சொல்லிவிடுவேன். அவள் சிரிக்காமல் போடுவாள். நாளாக ஆக எல்லாம் பழகிவிட்டது. பழகாதது அந்தப் படம் ஒன்றுதான்.

தீபாவளியானால் டிவியில் அதைப் போட்டுவிடுகிறார்கள். பாவாயி கண் இமைக்காமல் உட்கார்ந்துவிடுவாள். நடிகர் பேசுவதற்கு முன்னால் வசனத்தை இவள் சொல்வாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். அந்த மாடு தீபாவளியன்று குடித்த தண்ணீர் வேறு எந்த நாளிலும் குடித்திருக்காது. இறந்துபோன மனிதர்மேல் பொறாமைப்படலாமா என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். உங்களிடம் சண்டை போடவும் வழியில்லை. நீங்கள் கிழவனாகவும் மாட்டீர்கள், உங்கள் படம் பழையதாகவும் ஆகாது. நான் என்ன செய்வேன்?

ஆகையால் இரண்டாம் பாகம் வருகிறது என்றதும் ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். இது அதைத் தூக்கிச் சாப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். படம் வந்த மறுநாள் பேக்கரியில் இதே பேச்சு. கடைக்காரப் பெரியசாமி செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“மொத நாள் வசூலே பழைய படத்தோட மொத்த வசூலத் தாண்டிருச்சாமுங்க.”

எனக்கு வயிறு குளிர்ந்தது. “பாத்தியா? ரெண்டாம் பாகம்னா எளப்பமா நெனச்சியே!”

“அட, இருங்கண்ணா. அன்னிக்கு டிக்கெட் என்ன வெல, இன்னிக்கு என்ன வெல? அன்னிக்குச் சேலத்துல ஒரே கொட்டாய். இன்னிக்கு எல்லாக் கொட்டாயிலயும் இதே படம். ஞாயித்துக்கெழம தாண்டுனா ஈ ஓட்டுவாங்க பாருங்க.”

“சனங்க வந்து பாக்கறாங்கல்ல?”

“ஒருக்கா பாப்பாங்க. பழசை ஒரே ஆளு எத்தன தடவ பாத்தான்! அத எந்தக் கணக்குல சேப்பீங்க?” டீயை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: “ஆனா ஒண்ணுங்கண்ணா, ரெண்டாம் பாகத்துக்கு நீங்க பரிஞ்சு பேசலீன்னா வேற யாரு பேசுவாங்க?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவன் சொன்னபடியே ஆயிற்று. திங்கட்கிழமை முதல் கூட்டம் இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன் அண்ணா. முதல் பாகத்துக்குப் போனவர்கள் எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. கிடைத்ததெல்லாம் லாபம். இரண்டாம் பாகத்துக்குப் போகிறவன் இத்தனை வருஷ ஆசையை மடியில் கட்டிக்கொண்டு போகிறான். எந்தப் படம் அதைத் தாங்கும்? எந்த மனிதன் தாங்குவான்?

உங்கள் மகள் அயோத்தியாப்பட்டணத்தில் குடியிருக்கிறாள். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், அதில் எனக்குக் குறை இல்லை. அவள் போன் செய்தாள். “சித்தப்பா, செல்லுலயே டிக்கெட் போட்டுட்டேன். அம்மாவ இழுத்துக்கிட்டுப் போங்க. வெள்ளிக்கெழம படத்தத் தூக்கிருவாங்க.”

பாவாயி வரமாட்டேன் என்றாள். “எதுக்குங்க? மொதப் படம் பாத்த கண்ணுக்கு அதுவே போதும்.”

“உனக்குப் போதும் புள்ள. நான் மொதப் படமும் கொட்டாயில பாக்கல. இதையாவது பாக்கறனே.”

அதைக் கேட்டதும் அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மத்தியான ஆட்டம். தியேட்டரில் குளிர் இருந்தது, ஆள் இல்லை. நடிகர் பஸ்ஸைப் பள்ளத்துக்கு மேலே பறக்கவிட்டார். நான் திரையைப் பார்த்ததைவிட இவள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். இப்போது கண் விரியும், இந்தப் பாட்டுக்கு விரியும் என்று காத்திருந்தேன். இடைவேளைக்கு முன்பே அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. தூங்கிவிட்டாள் அண்ணா! விளக்கைப் போட்டார்கள், அப்போதும் எழவில்லை. எனக்குக் கோபமான கோபம். உங்களோடு என்றால் கண் கொட்டாமல் பார்ப்பாள், என்னோடு என்றால் தூக்கமா? கை மரத்துப்போனது. ஆனாலும் அசைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டேன். “படம் எப்படி புள்ள?”

“தூங்கிட்டனுங்க.”

“அது தெரியுது. மொதப் படத்துக்குக் கண்ண மூடலியே. ரெண்டாவதுன்னா தூக்கமாக்கும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அன்னிக்கு அவிய தூங்குனாங்க. ரெண்டு மூணு நாளா வண்டி ஓட்டிட்டு வந்த ஒடம்பு. ஊட்டுல படுத்தா லோடு ஆபீசுல இருந்து ஆளு வந்து எழுப்பிருவாங்க. கொட்டாய்க்குள்ள யாரு வருவா? வெளக்க அணைச்சதும் என்ற தோள்ல சாஞ்சிருவாங்க. படம் முடியறப்ப எழுப்பி உடோணும். சுத்தியும் ஆம்பளைங்க கூட்டம். நான் எங்கீங்க கண்ண மூடறது? முழிச்சே கெடந்ததுல வசனமெல்லாம் மனப்பாடமாயிருச்சு.”

அப்படியென்றால் அண்ணா, நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையா? அந்த லாரி வரிசையில் இன்னும் எத்தனை பேர் தூங்குவதற்காக டிக்கெட் வாங்கினார்கள்? அதெல்லாமும் சேர்ந்துதானே அந்த வசூல்! இரண்டாம் பாகம் அதோடு எப்படிப் போட்டி போடும்?

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: “இன்னிக்கு நீங்க முழிச்சிருந்தீங்க. எனக்கென்ன பயம்?”

இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். சொல்லிக்கொள்ள வேறு ஆள் இல்லை. பெரியசாமி கணக்கில் இரண்டாம் பாகம் தோற்றுவிட்டது. என் கணக்கில் அப்படி இல்லை. ஆனாலும் பொறாமை முழுவதும் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். உங்களுக்காக அவள் விழித்திருந்தாள். என்னை நம்பித் தூங்கினாள். இதில் யாருக்கு அதிகம் கிடைத்தது அண்ணா? உங்களுக்குத் தெரியுமா?

இன்னொன்றும் உண்டு. படம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது. அவள் தூங்கிக்கொண்டிருந்ததால் நான் இருந்து நிதானமாகப் படித்தேன். மூன்றாம் பாகம் வருகிறதாம்.

அது எப்போது வருமோ, ஓடுமோ ஓடாதோ, எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அது வரும்வரைக்கும் நான் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வருவதாக இல்லை. அந்தப் படத்துக்கும் அவளை நானே கூட்டிக்கொண்டு போவேன். அவள் பக்கத்துச் சீட்டை மூன்றாவது ஆளுக்கு விடமாட்டேன். இத்தனை வருஷம் நான் பொறாமைப்பட்டாயிற்று. இனிமேல் கொஞ்ச காலம் நீங்கள் படுங்கள்.

உங்கள் தம்பி, உங்கள் மகளுக்குச் சித்தப்பன், பாவாயியின் வீட்டுக்காரன்,
நாச்சிமுத்து